இரண்டாவது புடவை

அன்புள்ள குமரவேலுக்கு,

சபாபதி என்னும் நான், வயது ஐம்பது, இவ்வூர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன், உன் தகப்பன், இந்தக் கடிதத்தை ஒரே ஒரு நோக்கத்துக்காக எழுதுகிறேன். உன் திருமணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நம் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படையல் போடும்போது, வழக்கமாக வைக்கும் ஒரு புடவையோடு இன்னொரு புடவையும் வைக்கப்படும். அது யாருக்கு, ஏன் என்பதை முழுவதும் தெரிந்துகொண்ட பிறகே நீ அந்தப் படையலின் முன் வந்து நிற்கவேண்டும், அல்லது வராமல் இருக்கவேண்டும். பம்பாயிலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். மாற்றலாகி வந்து மல்லிகாவோடு மாடியில் குடியிருக்கப் போகிறாய், மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும், செத்துப்போன வெள்ளைக்காரிக்குப் புடவை வைத்தால் வெள்ளிக்கிழமை இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாய் என்கிறாய். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சாட்சியை விசாரிக்காமல் சொன்ன தீர்ப்பு. சாட்சி நான் ஒருவன்தான்.

மல்லிகாவும் இதைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். அவள் பிறந்த ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் இல்லை என்று கேள்வி. எனவே உனக்குத் தெரிந்ததையும் எழுதிவிடுகிறேன். குடும்பத்தில் பிறந்தோ வாழவந்தோ இறந்துபோன பெண்ணை, ஒரு நல்ல காரியம் நடக்குமுன் அழைத்து, கலசம் நிறுத்தி, இலை போட்டு, புதுப் புடவையும் வளையலும் பூவும் வைத்து, அவளிடம் உத்தரவு கேட்பது நம் பக்கத்து முறை. அவளைத்தான் பூவாடைக்காரி என்கிறோம். நம் வீட்டுப் பூவாடைக்காரி என் தகப்பனாரின் தங்கை, பிரசவத்தில் போனவள். வைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி எடுத்து உடுத்திக்கொண்டால்தான் படையல் நிறைவேறியதாக ஆகும். மறந்துபோனால் அவள் கனவில் வந்து கேட்பாள் என்பார்கள். நான் எதைக் கண்டேன், எதைக் கேட்டேன் என்பதை மட்டும் சொல்லிப் பழகியவன். ஆவி உண்டா இல்லையா என்பது என் அதிகாரத்துக்கு உட்பட்ட கேள்வி அல்ல.

ஹெலன் அம்மையார் நம் மாடிக்கு வாடகைக்கு வந்தபோது நீ கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாய். விடுமுறையில் அவரை ஒன்றிரண்டு தடவை படிக்கட்டில் பார்த்திருப்பாய்: குட்டையாக வெட்டிய நரைமுடி, நீலப் பருத்திக் கவுன், ஆண்கள் போடும் தோல் செருப்பு. தெருவாருக்கு அவர், கோயில் பார்க்க வந்து திரும்பிப் போக மறந்துவிட்ட வெள்ளைக்காரம்மா. தம் நாட்டில் அவர் பெயர்பெற்ற கவிஞர் என்பது எனக்கே பல மாதங்கள் தெரியாது. தெரிந்த பிறகும், அவர் வாழ்க்கையை அவர் சொல்லித் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். மாலையில் கோர்ட்டு முடிந்து வந்து நான் காபி குடிக்கும் நேரத்தில், மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

அமெரிக்காவின் வடகிழக்கில், ஆற்றங்கரையில் பருத்தி ஆலைகள் நிறைந்த ஓர் ஊரில் பிறந்தவர். தாயார் ஆலையில் தறி ஓட்டியவர். விசைத்தறிகளின் இரைச்சலில் அந்தப் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். வருடங்கள் போகப் போகத் தாயாருக்குச் செவி முற்றிலும் போய்விட்டது. ஆகவே அந்தச் சிறுமி வீட்டில் குரல் எழுப்பாமல், உதடுகளை மட்டும் அசைத்துப் பேசக் கற்றுக்கொண்டாள். முதல் கவிதைகளையும் அப்படித்தான் சமையலறை மேசைக்கு எதிரே நின்று தாயாருக்குச் சொன்னாள். எந்த இடத்தில் தாயாரின் கண் தடுமாறியதோ அந்த வரியை அடித்துவிடுவாள். உதட்டிலிருந்து படிக்க முடியாத வரியை வைத்துக்கொள்வதில்லை என்பது கடைசி வரைக்கும் தம்முடைய விதி என்றார் அம்மையார். விதி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இருபத்தைந்து வயதுவாக்கில் வெளிவந்த முதல் புத்தகம் அவரைப் பெரிய பெயர் ஆக்கியது. பரிசு கிடைத்தது, பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பதவி கிடைத்தது, ஊர் ஊராக மேடையேற்றிப் படிக்கச் சொன்னார்கள். குரலெடுத்துப் படித்தால் வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல இருக்கும் என்றார். மணம் செய்துகொண்டார், பிரிந்தார். இரண்டாவது புத்தகம் வந்த கையோடு தாயார் இறந்தார். எழுத்து அன்றோடு நின்றது. உதடுகளைப் பார்க்க ஆள் இல்லாமல் எப்படி எழுதுவது என்று அவர் என்னைக் கேட்டபோது, அது வீம்பு என்று நினைத்தேன். அப்படி நினைத்தது பிழை. கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். புதிய கவிஞர்கள் வந்தார்கள். இவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. பிறகு ஒரு நாள் நியூயார்க்கில் ஏதோ ஒரு கைத்தறிக் கண்காட்சியில் நம் ஊர் நெசவாளர் ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்து காட்டியிருக்கிறார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற இவருடைய உதடுகள் தாமாக அசையத் தொடங்கினவாம். அடுத்த ஆண்டு ஒரு நிதியுதவி பெற்றுக்கொண்டு காஞ்சிபுரத்தில் வந்து இறங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டு வீராசாமியின் தறியருகே அவரை முதன்முதலில் அழைத்துப் போனவன் நான். மனைவி கன்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளித்தர, வீராசாமி நெய்துகொண்டிருந்தார். அம்மையார் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உதடுகள் அசையத் தொடங்கின. வீராசாமி தறியை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், இந்தம்மா தறியாண்ட குந்திக்கினு சும்மா வாய அசைக்குது? மந்திரம் கிந்திரம் போடுதா? இழ அறுந்துதுன்னா யாரு பதில் சொல்றது?"

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்: "உங்கள் தறி சத்தத்தில் என் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்."

வீராசாமி மறுபடி நாடாவைக் கையில் எடுத்தார். "அம்மா கூட பேசறதுன்னா பேசிக்கட்டும். கன்னிம்மா, அந்த மணைய இப்பிடி நவுத்திப் போடு. தரை சில்லுன்னு இருக்குது."

அதன் பிறகு அந்த மணை அவருக்கென்றே ஆகிவிட்டது. காலையில் தறி தொடங்கும்போது போவார், உதடுகள் அசையும், கன்னியம்மாள் நாடா தள்ளிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டுவாள், அல்லது ஆட்டமாட்டாள். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாதவள் எதற்குத் தலையாட்டுகிறாள் என்று ஒரு தடவை கேட்டேன். "இன்னா சொல்லுதுன்னு யாரு கண்டாங்கண்ணா. ஆனா சரியா வந்துச்சின்னா அந்தம்மா மூஞ்சியில தெரியும். அப்ப ஆட்டுவேன்" என்றாள். அந்தத் தலையசைப்பைக் கொண்டு அம்மையார் மூன்றாவது புத்தகத்தை எழுதினார். மாடியில் தட்டச்சு ஓசை கேட்கும் நாள்களில், இன்றைக்குக் கன்னியம்மாள் தலையாட்டியிருக்கிறாள் என்று உன் அம்மா சொல்வாள்.

இனி நடந்ததைக் கவனமாகப் படி. உன் அக்கா செல்வியின் திருமணத்துக்கு முன் இதே போலப் பூவாடைப் படையல் போட்டோம். நீ பரீட்சை முடிந்து கல்யாணத்துக்குத்தான் வந்து சேர்ந்தாய். படையலை உன் ராஜம்மாள் அத்தைதான் நடத்தினாள். அவளுக்குத்தான் முறை தெரியும். அம்மையார் மாடிப்படியில் நின்று பார்த்தார். கலசத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த புடவையைக் காட்டி, அது யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். பிறகு, இந்த இடத்தில் யாரையெல்லாம் வைப்பீர்கள் என்று உங்கள் அக்காவைக் கேளுங்கள் என்றார். கேட்டேன்.

அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. வாய் நிறைய வெற்றிலையோடு திரும்பிப் பார்த்தாள். "இன்னாவாம், அவளுக்கும் வேணுமாமா? இந்த வூட்ல செத்தா அவளுக்கும் ஒரு பொடவ வெச்சிட்டாப் போவுது! சொல்லுடா! ஆனா அவ வந்து எறங்குனா இங்கிலீசுல இல்ல பேசுவா, எவளுக்குப் புரியும்?" கூடியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள்.

நீதிமன்றத்தில் சாட்சி சிரித்தால் மொழிபெயர்ப்பாளன் சிரிப்பதில்லை, அழுதால் அழுவதில்லை. சொல்லை மட்டும் எடுத்து அடுத்த மொழியில் வைக்கவேண்டும். அப்படியே செய்தேன். இந்த வீட்டில் இறந்தால் உங்களுக்கும் ஒரு புடவை வைப்போம் என்று என் அக்கா சொல்கிறாள் என்றேன். அம்மையார் படியிலிருந்து இறங்கி வந்தார். "நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார். அதையும் சொன்னேன். பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அத்தை அவர் கன்னத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்தாள். அம்மையார் சிரிக்கவில்லை.

மறு ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு விடாத காய்ச்சல் கண்டது. பழைய கல்லூரியிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்திருந்தது. ஜனவரியில் புறப்படுவதாக இருந்தார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, சென்னைக்குக் கொண்டுபோவது நல்லது, ஆனாலும் உறுதியாக எதையும் சொல்வதற்கில்லை என்றார். கார் ஏற்பாடு செய்து வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போனேன். வரமாட்டேன் என்றார். காரணம் கேட்டேன். "நான் இந்த வீட்டில்தான் இருக்கவேண்டும். நிபந்தனை அதுதானே" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது, என் அக்கா அப்படித்தான் பேசுவாள் என்றேன். அவர் என்னையே பார்த்தார். "நீங்கள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லையே" என்றார்.

அதற்குள் மழை விட்டு, பக்கத்து வீட்டில் தறி தொடங்கிவிட்டது. அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு என்னைப் பார்த்து, குரல் இல்லாமல், உதடுகளால் ஏதோ சொன்னார். ஒரு வாக்கியம், அதற்குமேல் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். மறுபடி சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கன்னியம்மாளை அழைத்து வந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது, அவளாவது தலையாட்டியிருப்பாள். காரைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலை, வீராசாமி தறியில் உட்காருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நீலக் கவுனோடு அடக்கம் செய்தோம்.

சென்னைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. என் வாய் வழியாகப் போன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தக் கட்டிலில் இருந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

அவர் தட்டச்சு செய்து வைத்திருந்ததை அவருடைய தோழி ஒருவர் அங்கே புத்தகமாக்கினார். உயிரோடிருந்தபோது மறந்தவர்கள் இப்போது அவரைத் தங்கள் காலத்துப் பெருங்கவிஞர் என்கிறார்களாம். இதைச் சொன்னவர் சென்ற ஆண்டு அந்நாட்டிலிருந்து வந்த ஓர் இளம் பேராசிரியர். மாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கடைசிக் கவிதையில் ஒரு பெண் கடல்கடந்து வந்தவளுக்கு மஞ்சள் பூசி, இறந்தபின் புடவை தருவதாக வாக்களிக்கிறாள். அவள் மரணத்தின் உருவகமா, பூமித் தாயா என்று அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கிறது, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். அவள் பெயர் ராஜம்மாள், திருமுக்கூடலில் வாழ்க்கைப்பட்டவள், வெற்றிலை போடுவாள் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது கவிதை. எனக்கு அது வாக்குமூலம்.

உன் திருமணம் நிச்சயமானதிலிருந்து உன் அம்மாவுக்குக் கனவு வருகிறது. அம்மையார் மாடிப்படியில் நின்று உதட்டை அசைக்கிறாராம், சத்தம் வரவில்லையாம். "எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு தெரிஞ்சிக்கினே எங்கிட்ட வந்து நிக்கிதுங்க. நீங்க வந்து இன்னான்னு கேளுங்க" என்றாள். "உன் கனவில் நான் எப்படி வருவேன்?" என்று கேட்டேன். "அதுக்கு வர முடியுது, உங்களுக்கு வர முடியாதா?" என்றாள். எனக்குக் கனவு வருவதில்லை. ஆனால் காலையில் தறி தொடங்கும்போது, மேலே யாரோ பேச வாய் திறந்தது போல ஒரு நிசப்தம் இறங்குகிறது. படியேறிப் போய்ப் பார்க்கிறேன். அறை காலியாக இருக்கிறது. கோர்ட்டில் சாட்சி பதில் சொல்லுமுன் தயங்கி உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளும்போதெல்லாம் நான் குனிந்து அந்த உதட்டையே பார்க்கிறேன். இருபத்தைந்து ஆண்டுப் பணியில் நான் மொழிபெயர்க்காமல் விட்டது அம்மையாரின் அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

போன மாதம் திருமுக்கூடலுக்குப் போய் அத்தையைப் பார்த்து, செல்வி கல்யாணத்தில் அப்படிச் சொன்னாயா இல்லையா என்று கேட்டேன்.

"வெளாட்டுக்கு சொன்னதுடா! அதுக்காகக் கடல் தாண்டி வந்தவளக் கொண்டாந்து நம்ம வூட்டுப் பொண்ணு பக்கத்துல குந்த வெப்பியா? நம்மளுது கோவிச்சிக்கினா கொழந்த கல்யாணம் இன்னா ஆவும்?"

"விளையாட்டோ என்னவோ. சொன்னாயா இல்லையா?"

"சொன்னேன்."

"அவர் ஏற்றுக்கொண்டதாக நான் உனக்குச் சொன்னேனா?"

"சொன்ன." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான் சிரிச்சிக்கினு தானேடா சொன்னேன். நீயும் சிரிச்சிக்கினே சொல்லியிருக்கக் கூடாதா?"

அதற்குப் பதிலை என் தொழிலின் விதிகளில் தேடினேன், குமரா. அங்கே சிரிப்புக்கு இடம் ஒதுக்கவில்லை. நான் புறப்படும்போது அத்தை வாசல் வரை வந்தாள். "மஞ்சப் பொடவையா எடு. செவப்பு அவ நெறத்துக்கு நல்லா இருக்காது" என்றாள். படையலை அவளேதான் நடத்தப்போகிறாள்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இதற்குள்ளேயே இருக்கிறது. திருமணமான மறுநாளே நீயும் ஒரு மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுவாய். உன் அம்மா சொன்னதை மல்லிகாவிடமும், மல்லிகா சொன்னதை உன் அம்மாவிடமும் கொண்டுபோக வேண்டியிருக்கும். சொல்லை மட்டும் கொண்டுபோகாதே. சிரித்துச் சொன்னதைச் சிரித்தே சொல். அலுப்பில் சொன்னதை, அலுப்பில் சொன்னாள் என்று சேர்த்துச் சொல். மொழி ஒன்றாக இருப்பதால் இது உனக்கு எளிது என்று எண்ணிவிடாதே.

அந்த மஞ்சள் புடவையை உடுத்திக்கொள்ள வீட்டுப் பெண் ஒருத்தி வேண்டும். மல்லிகா உடுத்தினால் நன்று என்பது உன் அம்மாவின் ஆசை. என் ஆசையும் அதுவே. ஆனால் அவள் இதைப் படித்து, தானாகச் சம்மதிக்கவேண்டும். வேடிக்கைக்கோ மரியாதைக்கோ அவள் தலையாட்டினால் நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அவளுக்கு மனமில்லையென்றால் உன் அம்மா உடுத்துவாள். மல்லிகாவிடம் அதுபற்றி ஒரு சொல்லும் எழாது. நீ வருவதும் வராததும் உன் விருப்பம். நீ வராவிட்டாலும் புடவை வைக்கப்படும். கொடுத்த வாக்கு நம்முடையது. பெற்றுக்கொண்டவர் தம் பங்கைச் செய்துமுடித்துவிட்டார்.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். புடவை வீராசாமியின் தறியில் முடிந்திருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டுப் போய் அதை அறுத்துத் தரச் சொல்வேன். வெள்ளிக்கிழமை காலை, கற்பூரம் ஏற்றும் நேரத்தில் அவரைத் தறியை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே மஞ்சள் புடவையின் எதிரில் நின்று, ஆங்கிலத்தில், குரல் எழுப்பாமல், உதடுகளால் மட்டும் அம்மையாரிடம் சொல்வேன்: என் அக்கா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள், அதை நான் விட்டுவிட்டேன், இன்றைக்குச் சிரிக்காமல் வைக்கிறாள், நீங்கள் கடைசியாகச் சொன்னதை என்னால் படிக்க முடியவில்லை, என் மகன் அந்த அறைக்குக் குடிவருகிறான், உத்தரவு கொடுங்கள். கூடியிருப்பவர்கள் நான் வேண்டிக்கொள்வதாக எண்ணிக்கொள்வார்கள். கன்னியம்மாளை எனக்கு எதிரே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவள் தலையாட்டும் வரை சொல்வேன். பிறகு மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பேன்.

உன் தகப்பன்,
சபாபதி